மறதியை வயதின் மீது போட்டுவிடாதீர்கள்: பின்லாந்து ஆய்வு தரும் பாடம்

"வயசாயிடுச்சு, மறதி வரத்தான் செய்யும்" என்று நம் வீடுகளில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடுவதும், ஒருவரின் பெயர் சட்டென்று வராமல் போவதும் வயதோடு வருபவைதாம். ஆனால் பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பதும், காலமெல்லாம் வைத்த குழம்பை எப்படி வைப்பதென்று திகைப்பதும் வேறு. அவை நோயின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்த நிலை வருமுன் நாம் ஏதாவது செய்ய முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் பின்லாந்தில் நடந்த 'ஃபிங்கர்' ஆய்வு.

ஆய்வு நடந்த விதம்

டாக்டர் மியா கிவிபெல்டோ தலைமையிலான குழு, 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரைத் தேர்ந்தெடுத்தது. இவர்களுக்கு மறதி நோய் வந்திருக்கவில்லை. வரக்கூடிய வாய்ப்பு மட்டும் கூடுதலாக இருந்தது. குலுக்கல் முறையில் இவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான உடல்நல ஆலோசனை மட்டும் கொடுக்கப்பட்டது. மற்றப் பிரிவினர் இரண்டு ஆண்டுகள் நான்கு காரியங்களைச் சேர்த்துச் செய்தார்கள்:

1. காய்கறி, பழம், முழு தானியம், மீன் நிறைந்த உணவு.
2. தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் உழைப்பும்.
3. மூளைக்கு வேலை தரும் பயிற்சிகள்.
4. ரத்த அழுத்தம், எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனித்தல்.

புதிய மருந்து எதுவும் ஆய்வுக்காகத் தரப்படவில்லை.

கிடைத்த பலன்

முடிவுகள் 2015இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன. இரு பிரிவினரின் மதிப்பெண்களும் உயர்ந்தன. எனினும் மொத்தச் சிந்தனைத் திறனில், நான்கையும் செய்தவர்களின் முன்னேற்றம் 25 சதவீதம் கூடுதல். திட்டமிட்டுச் செயல்படும் திறனில் இந்த வித்தியாசம் 83 சதவீதம்.

இதை மிகைப்படுத்திப் புரிந்துகொள்ளக் கூடாது. இப்படிச் செய்தால் மறதி நோயே வராது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அறுபதைக் கடந்த பிறகும் மூளையின் திறனைப் பேண முடியும் என்பதையே காட்டியது.

இதே வழியில் அமெரிக்காவில் 2,111 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. தாமாகவே செய்துகொண்டவர்களும் முன்னேறினார்கள். ஆனால் குழுவாகக் கூடி, ஒருவர் தொடர்ந்து விசாரித்து வழிநடத்தியவர்கள் அவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். நமக்கான பாடம் இங்கேதான் இருக்கிறது. பெரியவர்களிடம் "நடங்க, உப்பைக் குறைங்க" என்று சொல்லிவிட்டுப் போவது பாதி வேலைதான். கூட நடப்பதும், மறுவாரம் விசாரிப்பதும் மீதி வேலை.

நாம் செய்ய வேண்டியவை

*பிரஷர், சுகர்:* தலைசுற்றல் இல்லை என்பதால் பிரஷர் இல்லை என்று ஆகிவிடாது. நாற்பதைத் தாண்டியவர்கள் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரைகள் இலவசம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள்.

*காது:* 2024இல் லான்செட் ஆணையம், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. அவற்றுள் காது கேளாமையும் தனிமையும் அடங்கும். வாப்பா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கோபப்படாமல் காதைப் பரிசோதிக்க அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடி போடுவதில் இல்லாத வெட்கம், காதுக் கருவியில் எதற்கு?

*துணை:* உம்மாவைத் தனியாக நடக்கச் சொல்வதைவிட, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள். நடையும் நடக்கும், பேச்சும் நடக்கும்.

வீட்டில் கூடிப் பேச மூன்று கேள்விகள்

1. நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தோம்?
2. அவர்கள் சொல்வதைக் கேட்கவும் அவர்களோடு பேசவும் தினமும் யார் உட்காருகிறார்கள்?
3. இந்த வாரம் அவர்களோடு நடக்கப் போவது யார்?