கடவுச்சீட்டை ஒளிக்க வேண்டாம்



ஹல்துமுல்லைத் தோட்டத்து லயங்களில் வாழும் முதியவர் எவரிடமாவது பழைய இந்தியக் கடவுச்சீட்டு இருக்கலாம். “காட்டினால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள்” என்று அஞ்சி, அதைப் பெட்டிக்குள் மறைத்து வைத்திருக்கலாம். அவருக்காகவே இப்பாடம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும், 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. இந்தியப் பிரசைகளாகப் பதிவு பெற்றும் பலர் போகவில்லை. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அவர்களின் விசாக் காலமும் முடிந்தது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இவர்களுக்கு வழி திறந்தது. ஒப்பந்த நாள் முதல் இங்கு நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும், இங்கு வாழும் அவர்தம் சந்ததியினரும் இலங்கைப் பிரசைகளாகும் உரிமை உடையவர்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர், இலங்கைப் பிரசையாக விரும்புவதை எழுத்து மூலம் பிரகடனம் செய்ய வேண்டும்.

இதற்காகத் தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். 1978இல் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோருக்கு இலவசமாக உதவுகிறது. பதுளையிலும் அதன் நிலையம் உண்டு. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்று என எது இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். பிரதியைக் கொடுங்கள், மூலப் பத்திரத்தைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கத் தெரியாத முதியவருக்கு இதை வாசித்துக் காட்டுவது உங்கள் கடமை.