மலத்தை அடக்கும் குழந்தை: பெற்றோர் அறிய வேண்டியவை

இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வரும் பெற்றோர் பலரும் ஏறத்தாழ ஒரே குறையைச் சொல்வார்கள். "சிறுநீர் கழிக்கக் கழிவறைக்குப் போகப் பழகிவிட்டான். 'ஆய்' போக மட்டும் மறுக்கிறான். நான்கு நாள், ஐந்து நாள் ஆனாலும் போவதில்லை. டயப்பர் கட்டினால்தான் போகிறான். அதுவும் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டு." பிடிவாதம் என்று ஒருவர் சொல்வார், செல்லம் கொடுத்ததன் விளைவு என்று மற்றொருவர் சொல்வார். இதற்குள் வீட்டில் குழந்தையின் மலமே அன்றாடப் பேச்சாகவும் பூசலாகவும் ஆகியிருக்கும்.

இது பிடிவாதமன்று, பெரும்பாலும் வலியைப் பற்றிய அச்சம். இதைப் புரிந்துகொள்வதே சிகிச்சையின் முதற்பகுதி. இக்கட்டுரை அதற்குத் துணை செய்யும் நோக்கில் எழுதப்பட்டது.

அடக்குவதை அடையாளம் காணுதல்

மலம் வரும் உணர்வு எழும்போது குழந்தை திடீரென விளையாட்டை நிறுத்தும். கால்களை இறுக்கிப் பின்னிக்கொள்ளும், நுனிக்காலில் நிற்கும், சுவரையோ மேசையையோ பற்றிக்கொண்டு உடலை விறைப்பாக்கும், முகம் சிவக்கும். சில குழந்தைகள் அறையின் மூலையில் ஒளிந்துகொள்ளும். இதைக் காணும் பெற்றோர், குழந்தை முக்கி முயல்கிறது, ஆனால் மலம் வரவில்லை என்று எண்ணிக்கொள்கின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. குழந்தை மலத்தை வெளியேற்ற முயலவில்லை. வெளியேறிவிடாதபடி முழு வலிமையோடு தடுத்துக்கொண்டிருக்கிறது.

சில நிமிடங்களில் அவ்வுணர்வு அடங்கிவிடும். குழந்தை மீண்டும் விளையாடப் போய்விடும். உள்ளே தங்கிய மலமோ அங்கேயே இருக்கும்.

வலியும் அடக்குதலும்: ஒரு சுழல்

இது பெரும்பாலும் ஒரேயொரு வலிமிக்க நிகழ்ச்சியில் தொடங்குகிறது. காய்ச்சலின்போது நீர் குறைவாக அருந்தியதால் மலம் கெட்டியாகியிருக்கலாம். ஊர்ப்பயணத்தில் பழகாத கழிவறையைக் கண்டு குழந்தை அடக்கியிருக்கலாம். கெட்டியான மலம் வெளியேறும்போது ஆசனவாயில் சிறு வெடிப்பு உண்டாகி, ஒரு துளி இரத்தமும் வந்திருக்கலாம். 'ஆய் போனால் வலிக்கும்' என்ற பாடத்தைக் குழந்தை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை உணர்வு எழும்போது அடக்குகிறது.

பெருங்குடலின் பணிகளுள் ஒன்று மலத்திலுள்ள நீரை உறிஞ்சுவது. எனவே மலம் எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறதோ, அவ்வளவு கெட்டியாகும். பின்னால் வரும் மலமும் சேர்ந்து அளவில் பெரிதாகும். இறுதியில் அது வெளியேறும்போது முன்னிலும் அதிகமாக வலிக்கும். அஞ்சியது சரிதான் என்று குழந்தைக்கு உறுதிப்படும். வலி, அச்சம், அடக்குதல், கெட்டி மலம், மீண்டும் வலி என்று இச்சுழல் தானாகவே சுழலத் தொடங்கிவிடும்.

மூன்று காலங்களில் இது எளிதில் தோன்றும்: தாய்ப்பாலிலிருந்து திட உணவுக்கு மாறும்போது; கழிவறைப் பழக்கம் கற்பிக்கும்போது; பள்ளியில் சேரும்போது. பள்ளிக் கழிவறை அழுக்காக இருந்தாலோ, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாவிட்டாலோ, குழந்தை நாள் முழுதும் அடக்கியே வைத்திருக்கும்.

உள்ளாடையில் கசியும் மலம்

மலக்குடலில் மலம் பல வாரங்கள் தேங்கினால் அதன் சுவர் விரிந்துபோகும். விரிந்த மலக்குடல், மலம் வந்துவிட்டது என்ற செய்தியை மூளைக்குச் சரிவர அனுப்புவதில்லை. கெட்டிப்பட்ட மலத்தைச் சுற்றி இளகிய மலம் வழிந்து உள்ளாடையில் கசியும். பெற்றோர் இதை வயிற்றுப்போக்கு என்று கருதி அதை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிடுவதுண்டு. அது நிலைமையை மேலும் கெடுக்கும்.

இக்கசிவைக் குழந்தை வேண்டுமென்று செய்வதில்லை. பல நேரங்களில் அதை உணர்வதுகூட இல்லை. இதற்காக அடிப்பதும், மற்றவர் முன் கேலி செய்வதும், 'இன்னும் பாப்பாவா நீ?' என்று கேட்பதும் குழந்தையின் மனத்தில் வெட்கத்தைப் பதிக்கும். அவ்வெட்கம் அடக்கும் பழக்கத்தை இன்னும் வலுப்படுத்தும்.

தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால், சிலருக்குச் சிறுநீர் அடிக்கடி வரும், பகலில் உடை நனையும், சிறுநீர்த்தொற்றும் ஏற்படலாம். பசி குறைவதும் வயிற்று வலியும் பொதுவானவை. மலம் வெளியேறிய அன்று குழந்தை நன்றாகச் சாப்பிடுவதைப் பல தாய்மார் கவனித்திருப்பீர்கள்.

முதற்படி: பயிற்சியைச் சிறிது காலம் நிறுத்துங்கள்

குழந்தை அடக்கத் தொடங்கிவிட்டால் கழிவறைப் பயிற்சியைத் தற்காலிகமாக நிறுத்திவிடலாம். டயப்பரில்தான் போவேன் என்றால் டயப்பரைக் கட்டுங்கள். இது தோல்வியன்று. மலம் எங்கே போகிறது என்பது இப்போது முக்கியமன்று. வலியின்றிப் போகிறது என்பதே முக்கியம். சில வாரங்கள் வலியின்றிப் போன பின், டயப்பரோடு கழிவறைக்குள் நின்று போகச் செய்யலாம். பிறகு டயப்பரோடு இருக்கையில் அமரச் செய்யலாம். அதன்பின் டயப்பரைத் தளர்த்தி, இறுதியில் எடுத்துவிடலாம். ஒவ்வொரு படியிலும் குழந்தை அச்சமின்றிப் பழகிய பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962-இல் வெளியிட்ட கட்டுரையில், குழந்தையின் ஆயத்தத்தைப் பின்பற்றியே கழிவறைப் பழக்கத்தைக் கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். இன்றும் குழந்தை மருத்துவர்கள் பெரிதும் ஏற்கும் அணுகுமுறை இதுவே. அடுத்த வீட்டுக் குழந்தை இரண்டு வயதில் பழகிவிட்டது என்பது உங்கள் குழந்தைக்கு அளவுகோலாகாது.

இரண்டாம் படி: மலத்தை மென்மையாக்குதல்

உள்ளே கெட்டி மலம் தேங்கியிருக்கும் வரை எந்தப் பயிற்சியும் பலன் தராது. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தேக்கம் இருந்தால் முதலில் அதை வெளியேற்ற மருந்து தருவார். இதற்குப் பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் தூள் நீரில் கரைத்துத் தரப்படுகிறது. இது குடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல், நீரை மலத்திலேயே தக்கவைத்து அதை இளக்குகிறது. சிலருக்கு லாக்டுலோஸ் என்னும் இனிப்பான திரவ மருந்து தரப்படும். தேக்கத்தை நீக்கும் நாட்களில் மலம் அடிக்கடியும் நீர்த்தும் போகும், அஞ்ச வேண்டாம்.

இதன் பிறகே பெற்றோர் பலர் தவறுகின்றனர். மலம் நன்றாகப் போகிறதே என்று ஒரு வாரத்தில் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். விரிந்த மலக்குடல் பழைய நிலைக்குச் சுருங்கவும், குழந்தையின் மனத்திலுள்ள அச்சம் கரையவும் காலம் வேண்டும். பராமரிப்பு மருந்து குறைந்தது இரண்டு மாதங்கள் தொடர வேண்டும். எல்லாக் குறிகளும் நீங்கி ஒரு மாதமாவது ஆன பின்பே மருந்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலருக்குப் பல மாதங்கள் தேவைப்படும். இம்மருந்துகளால் குடல் சோம்பிவிடும், பழக்கமாகிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படி நடக்கட்டும்.

மலத்தின் தன்மையைக் கவனிக்க 'பிரிஸ்டல் மல அட்டவணை' உதவும். 1997-இல் வெளியான இதில் ஏழு வகைகள் உண்டு. முதல் வகை ஆட்டுப் புழுக்கைபோல் தனித்தனி உருண்டைகள். இரண்டாவது அவை ஒட்டிய கட்டியான மலம். நான்காவது வழுவழுப்பான, மென்மையான மலம். ஏழாவது முழுதும் நீர். அடக்கும் குழந்தைக்கு நான்காவது அல்லது சற்றே இளகிய ஐந்தாவது வகையே நம் இலக்கு. மென்மையான மலத்தை அடக்குவதும் கடினம்; அது வெளியேறும்போது வலிப்பதும் இல்லை.

மூன்றாம் படி: உணவு

கொய்யா, பப்பாளி, கனிந்த வாழைப்பழம், கீரை, அவரை, பீன்ஸ், முளைகட்டிய பயறு, கேழ்வரகு ஆகியவற்றை அன்றாட உணவில் சேருங்கள். ஊறவைத்த உலர் திராட்சையும் நல்லது. நாள் முழுதும் சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். பிஸ்கட், மைதாப் பண்டங்களைக் குறையுங்கள். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தை மற்ற உணவுகளை உண்ணாமற்போகும். அப்பாலைக் குறைப்பதே சில வீடுகளில் பாதி வேலையை முடித்துவிடும். ஆனால், தேக்கம் ஏற்பட்ட குழந்தைக்கு உணவு மாற்றம் மட்டும் போதாது. அது மருந்துக்குத் துணையே, மாற்று அன்று.

நான்காம் படி: அமரும் பழக்கம்

உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் இயற்கையாகவே இயங்கத் தொடங்கும். ஆகவே, காலை உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் பத்து முதல் இருபது நிமிடங்களுக்குள் குழந்தையை அமரச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். மலம் வராவிட்டாலும் எழுந்துவிடலாம்.

மேற்கத்திய கழிப்பறையில் கால்கள் தொங்கினால் குழந்தையால் முக்க இயலாது. விழுந்துவிடுவோம் என்றும் அஞ்சும். பாதங்கள் உறுதியாகப் பதியுமாறு ஒரு முக்காலியைப் போடுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். இருக்கையின் மேல் சிறுவருக்கான வளையத்தைப் பொருத்துங்கள். இந்தியக் கழிப்பறையில் குந்துவது நல்ல நிலைதான். ஆனால் குழிக்குள் விழுந்துவிடுவோம் என்ற அச்சம் சிறுவர்க்கு உண்டு. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது தரையில் வைக்கும் சிறு இருக்கையைப் பயன்படுத்துங்கள். ஊதற்குழலோ சோப்புக் குமிழியோ ஊதச் சொன்னால், மூச்சோடு சேர்ந்து வயிற்றுத் தசைகளும் இயல்பாக இயங்கும்.

பாராட்டு, மலம் வந்ததற்காக அன்று, அமர்ந்ததற்காக. அமர்வது குழந்தையின் கையில் உள்ளது. மலம் வருவது அப்படியன்று. நாட்காட்டியில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவதோ, ஒரு கதை கூடுதலாகச் சொல்வதோ போதுமானது. உடையில் போய்விட்டால், "பரவாயில்லை கண்ணு, வா, கழுவிக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியோடு முடித்துவிடுங்கள்.

வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே முறையில் நடப்பது அவசியம். அம்மா பொறுமையாக இருக்க, அப்பா மிரட்டினால், அல்லது தாத்தா பாட்டி டயப்பரைப் பழித்தால், குழந்தை குழம்பும். இவ்விதழை அவர்களிடமும் படித்துக் காட்டுங்கள். பள்ளி அல்லது அங்கன்வாடி ஆசிரியரிடம், குழந்தை கேட்டவுடன் கழிவறைக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

சோப்புத் துண்டையோ, எண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பையோ ஆசனவாயில் செருகும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. சோப்பு மென்மையான உட்சுவரை எரிச்சலூட்டும், காம்பு காயப்படுத்தலாம். அதைவிட, கைகால்களைப் பிடித்து அழுத்திச் செய்யப்படும் எதுவும் குழந்தையின் அச்சத்தைப் பன்மடங்காக்கும். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவதும் வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் எனிமா கொடுக்காதீர்கள். கழிவறையில் வெகுநேரம் பூட்டி வைக்காதீர்கள்.

உடனே மருத்துவரிடம் வர வேண்டிய குறிகள்

மலத்தை அடக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உடலில் வேறு நோய் இராது. எனினும் கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும் காலம் தாழ்த்தாதீர்கள்.

• பிறந்து 48 மணி நேரத்துக்குப் பின்பே முதல் மலம் வெளியேறியிருத்தல், அல்லது பிறந்த முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கியிருத்தல். குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்பிரங் நோயின் அடையாளமாக இது இருக்கலாம்.
• வயிறு மிகவும் உப்புதல், பச்சை நிற வாந்தி.
• காய்ச்சலோடு கூடிய மலச்சிக்கல், எடை குறைதல், வளர்ச்சி தடைபடுதல்.
• மலத்தில் அதிக இரத்தம்.
• கால்களில் பலவீனம், நடையில் மாற்றம், முதுகின் அடிப்பகுதியில் குழி அல்லது மயிர்க்கற்றை.

அடுத்த முறை வரும்போது

ஒரு சிறு குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் மூன்று செய்திகளை எழுதி வாருங்கள்: மலம் போனதா, அட்டவணைப்படி எந்த வகை, உடையில் கசிவு இருந்ததா. மருந்து கொடுத்த அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவைச் சரிசெய்ய மருத்துவருக்கு இது பெரிதும் உதவும்.

இடையில் ஒரு காய்ச்சலாலோ பயணத்தாலோ பழைய நிலை திரும்பலாம். அப்போது எல்லாம் வீணாயிற்று என்று எண்ண வேண்டாம். மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றி, டயப்பரையும் பொறுமையையும் சில நாட்களுக்குத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். ஒரு நாள் காலை, குழந்தை தானாகவே வந்து, "அம்மா, ஆய் வருது" என்று சொல்லும். அதைச் சொல்லும் துணிவு, திட்டு விழாது என்ற நம்பிக்கையிலிருந்து பிறக்கிறது. அந்நம்பிக்கையை வீட்டில்தான் தர முடியும்.