குவாட்ரண்ட்: ஒரு கால் வட்டத்தின் கதை

பள்ளியில் கிராப் தாள் எடுத்தவுடன் குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் போடுவோம். தாள் நான்கு பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பகுதியும் ஒரு குவாட்ரண்ட். தமிழ்ப் பாடநூலில் கால் பகுதி. வட்டத்தை நான்காக வெட்டினால் கிடைக்கும் கால் வட்டத்திற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். பரீட்சையோடு இந்த வார்த்தையை மறந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அது என்னைத் தேடி வந்தது.

வீட்டிற்கே மருந்து கொண்டு போய்க் கொடுக்கும் ஒரு கடைக்காக மொபைல் புரோகிராம் ஒன்று எழுதினேன். வாடிக்கையாளர் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்று அம்புக்குறி காட்ட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அலுவலகம் ஊரின் மேற்கு ஓரத்தில் இருந்தது. எனவே நான் சோதித்துப் பார்த்த வீடுகள் எல்லாமே கிழக்குப் பக்கம். அம்புக்குறி அழகாக வேலை செய்தது. கடை இருந்ததோ ஊருக்கு நடுவில். முதல் நாளே, மேற்கே இருந்த வீட்டிற்குப் போக வேண்டிய பையன், அம்புக்குறியை நம்பி மழையில் நேர் எதிர்த்திசையில் போய்விட்டார். மருந்துக்காகக் காத்திருந்தவர் ஒரு வயதான அம்மா. எங்கள் சீனியர் என் புரோகிராமைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "என்னப்பா, குவாட்ரண்ட் பார்க்கவில்லையா?"

தவறு எங்கே என்று பார்ப்பதற்கு முன், வார்த்தையைப் பார்த்துவிடலாம். லத்தீன் மொழியில் குவாட்டுவோர் என்றால் நான்கு. குவாட்ரன்ஸ் என்றால் நான்கில் ஒரு பங்கு, அதாவது கால். பழைய ரோமில் இந்தப் பெயரில் ஒரு வெண்கலக் காசே இருந்தது. அவர்களுடைய ஆஸ் என்ற நாணயம் 12 பங்கு கொண்டது. அதில் கால், 3 பங்கு. எனவே குவாட்ரன்ஸ் காசில் மூன்று புள்ளிகள் இருக்கும். நம் ஊரில் 16 அணாவில் கால் பங்கை நாலணா என்று சொன்ன மாதிரிதான். (25 பைசா காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போனாலும், நாலணா என்ற பேச்சு போகவில்லை.)

ஆக, முதலில் இந்த வார்த்தையில் வட்டமே கிடையாது! ஆங்கிலத்திற்கு வந்தபோதும், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், அது ஒரு நாளின் கால் பங்கை, அதாவது 6 மணி நேரத்தைக் குறித்தது. பிறகு சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் கருவிக்குப் பெயரானது. கால் வட்ட வடிவத் தகடு, அதன் விளிம்பில் 0 முதல் 90 டிகிரி வரை கோடுகள், மூலையிலிருந்து தொங்கும் தூக்குக் குண்டு. இந்தக் கருவிக்கு அரபு மொழியில் ருபு, சமஸ்கிருதத்தில் துரீய யந்திரம். ருபு என்றால் கால். துரீயம் என்றால் நான்காவது. எல்லோரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

1731இல் ஜான் ஹாட்லி என்பவர் கண்ணாடிகள் வைத்து ஒரு புதிய கருவி செய்து காட்டினார். அதன் வில் வட்டத்தில் எட்டில் ஒரு பங்குதான், எனவே ஆக்டண்ட். ஆனால் கண்ணாடியின் பிரதிபலிப்பால் 90 டிகிரி வரை அளக்கும். மாலுமிகள் விடவில்லை, அதையும் ஹாட்லியின் குவாட்ரண்ட் என்றே அழைத்தார்கள். பெயர் ஒரு முறை ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது போலிருக்கிறது.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறக்கவும். ஏ1 செல்லில் 1, பி1 செல்லில் 1 என டைப் செய்யவும். முதலாவது எக்ஸ், அடுத்தது ஒய். சி1 செல்லில் ஆங்கில எழுத்துகளில் =டிகிரீஸ்(ஏடேன்(பி1/ஏ1)) என்று கொடுத்து என்டர் தட்டவும். ஏடேன் என்பது நாம் படித்த டேன் என்பதன் முன்னால் ஏ சேர்த்தது. விடை 45. இப்போது ஏ1, பி1 இரண்டிலும் -1 கொடுக்கவும். புள்ளி மேல் வலது மூலையிலிருந்து கீழ் இடது மூலைக்குப் போய்விட்டது. ஆனால் விடை? அதே 45!

காரணம் எளிது. மைனஸை மைனஸால் வகுத்தால் பிளஸ். வகுத்த உடனே, புள்ளி முதலாம் கால் பகுதியில் இருந்ததா மூன்றாம் கால் பகுதியில் இருந்ததா என்ற விவரம் அழிந்துவிடுகிறது. ஏடேன் பாவம், தனக்குக் கிடைத்த ஒற்றை எண்ணை வைத்து வலப்பக்கம் என்றே முடிவு செய்கிறது. இதேபோல் இரண்டாம் கால் பகுதியும் நான்காம் கால் பகுதியும் குழம்பும். எக்ஸ் 0 என்றால் வகுக்கவே முடியாது, எரர் வரும். என் அம்புக்குறியின் கதை இதுதான்: கிழக்கு சரி, மேற்கு தலைகீழ்.

இதற்காகவே ஏடேன்2 என்ற பங்ஷன் இருக்கிறது. சி1க்கு அடுத்த செல்லில் =டிகிரீஸ்(ஏடேன்2(ஏ1,பி1)) என்று கொடுங்கள். -135 என்று வரும். 360 கூட்டினால் 225, சரியான மூன்றாம் கால் பகுதி. எக்ஸ், ஒய் இரண்டையும் தனித்தனியே வாங்கிக்கொள்வதால் எந்தக் கால் பகுதி என்று அதற்குத் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. எக்செல், கால்க் இரண்டிலும் எக்ஸ் முதலில், ஒய் பிறகு. சி, பைதான் போன்ற மொழிகளில் ஒய்தான் முதலில். 1, 2 என்று கொடுத்தால் எக்செல் சுமார் 63.43 டிகிரி என்கும். பைதானில் ரேடியன் விடையை டிகிரியாக மாற்றினால் 26.57. எக்செல்லில் சோதித்ததை அப்படியே காப்பி செய்து நானும் ஒரு முறை மாட்டிக்கொண்டேன்.

அம்புக்குறியைத் திரையில் வரையும்போது இன்னொரு சிக்கல் காத்திருந்தது. பெயின்ட் புரோகிராமைத் திறந்து, மவுஸை மெல்லக் கீழே நகர்த்தியபடி அடியில் தெரியும் இரண்டு எண்களைக் கவனியுங்கள். இரண்டாவது எண் கூடிக்கொண்டே போகும். கிராப் தாளில் ஒய் மேலே போனால் கூடும், திரையில் கீழே போனால் கூடும். எனவே ஒய் மதிப்பிற்கு முன்னால் ஒரு மைனஸ் சேர்த்த பிறகுதான் வடக்கே இருந்த வீட்டிற்கு அம்புக்குறி வடக்கே காட்டியது.