முதலில் தண்ணீர், பிறகு மீன்

சென்னைக் கொளத்தூருக்குப் போய் காலையில் தொட்டியும் மீனும் சேர்த்து வாங்கி, மாலைக்குள் தண்ணீர் ஊற்றி மீனை விட்டுவிடுகிறவர்கள் பலர். ஒரு வாரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். நோய் என்று நினைத்து நீல மருந்தை ஊற்றுவார்கள். புதுத் தொட்டியில் சாவுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான்.

மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். வாளியின் உட்புறத்திலும் குழாய் முனையிலும் வெள்ளையாக உப்புப் படிகிறதா? அது கடின நீர். சென்னையில் போர் தண்ணீர் பல இடங்களில் அப்படித்தான். மோலி, பிளாட்டி, கப்பி மூன்றுக்கும் இது ஒத்துப்போகும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் பகுதியின் உப்புக் குறைந்த, சற்றே அமிலமான நீரிலிருந்து வந்தவை. அவை வேண்டுமென்றால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்க வேண்டியிருக்கும். ஆனால் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றக் கூடாது. அதில் தாது உப்பு இல்லாததால் பிஎச் திடீரென்று சரிந்துவிடும். பிஎச் குறைக்கும் சொட்டு மருந்துகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கடின நீரில் அது இறங்கி, மறுநாளே பழையபடி ஏறும். நிலையாக 7.8 இருப்பதைவிட அந்த ஏற்ற இறக்கம்தான் மீனை வாட்டும். தண்ணீருக்கேற்ற மீனை வாங்குவதே எளிது, செலவும் குறைவு.

மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். வாயகன்ற வாளியில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் விட்டால் போய்விடும். அவசரத்துக்கு ஆன்டி குளோரின், பாட்டிலில் எழுதியுள்ள அளவில். லாரித் தண்ணீர் ஒவ்வொரு முறையும் வேறு கிணற்றிலிருந்து வரலாம். ஒவ்வொரு லோடையும் சோதித்த பிறகே ஊற்றுங்கள்.

அடுத்ததுதான் பொறுமை வேண்டிய கட்டம். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகும். ஃபில்டர் ஸ்பான்ஜிலும் கூழாங்கற்களிலும் வளரும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அளவோடு இருந்தால் கெடுதல் இல்லை. இந்த பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமல் ஃபில்டரை ஓட்டி, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் காட்டும் நாளில் தொட்டி தயார். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கான ஸ்பான்ஜ் ஒன்று கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

நம் ஊரில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். 25 டிகிரியில் பிஎச் 7 உள்ள நீரைவிட பிஎச் 8 உள்ள நீரில், அதே அளவு அம்மோனியாவின் விஷப்பகுதி ஏறத்தாழ பத்து மடங்கு. போர் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் அம்மோனியாவே மீனைக் கொல்வது இதனால்தான்.

மீன் வந்ததும் கவரைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கவருக்குள் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம். முதலில் நாலைந்து மீன் போதும்.

வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் நிற்கும். அதில் 12 லிட்டர். ஆவியான அளவை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு தொட்டியிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியையும் கல்லையும் ஸ்பான்ஜையும் குழாயடியில் தேய்த்துக் கழுவும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கண்ணாடி பளபளக்கும், பாக்டீரியா போய்விடும், மறுபடி முதல் நாள் கதைதான். ஸ்பான்ஜை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

பெரும்பாலான வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி சரி. சென்னையில் ஹீட்டரைவிடக் கோடைதான் பிரச்சினை. சூடு ஏற ஏற நீரில் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து வலை போட்டு, சின்ன ஃபேனை நீர்மட்டத்தின் மேல் திருப்பினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே ஏர் பம்பைப் போட்டு, கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். அன்று தீனி போடாதீர்கள். வளர்ந்த மீனை ஒரு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது.