முதலில் ஆபரேஷன், பிறகு அப்ரூவல்

“அண்ணே, எந்த ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் அப்ரூவல் சுலபமா கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க. நான் அதையே பண்ணிக்கிறேன்.”

கேன்டீனில் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்த தம்பி கேட்டது இது. வயது முப்பத்தெட்டு. எடை 109 கிலோவைத் தாண்டிவிட்டது. சர்க்கரை வந்து ஏழெட்டு வருடம். ராத்திரி குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று அவன் மனைவி பயந்துபோய், தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அலுவலகத்தில் மருத்துவக் காப்பீட்டு வேலையைப் பல வருடம் பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்தான்.

அவன் கேள்வி தலைகீழாக இருந்தது. இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர். கம்பெனி பாலிசி ஒரு வருடத்துக்கானது; அடுத்த ஏப்ரலில் நிபந்தனை மாறலாம், கம்பெனியே மாறலாம். எடை குறைக்க இரைப்பையில் செய்யும் ஆபரேஷனோ சாகும்வரை கூடவே வருவது. எந்த ஆபரேஷன் என்பதை உடம்பைப் பார்த்து டாக்டரோடு முடிவு செய்யுங்கள். அந்த முடிவுக்கு அப்ரூவல் வாங்கக் காகிதங்களை முதல் நாளிலிருந்தே சேருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

எது உங்கள் உடம்புக்கு?

நம் ஊரில் பெரும்பாலும் பேசப்படுவது மூன்று. ஸ்லீவ் என்பதில் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேலாக வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக விடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதி வெளியே போய்விடுவதால் பசியும் அடங்குகிறது. குடலில் கை வைப்பதில்லை. ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதில் குடலைக் கொண்டுவந்து இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு அதன் வழியாகப் போகாது. மூன்றாவது, மினி பைபாஸ். இரண்டு இணைப்புக்குப் பதில் ஒரே இணைப்பு. நேரம் குறையும், பித்தநீர் மேலே ஏறி வருமா என்பதை மட்டும் டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடை குறைவதில் ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2018-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைத்தான் காட்டின. பிரிவது வேறு இடங்களில். ஏற்கெனவே நெஞ்செரிச்சலும் புளிச்ச ஏப்பமும் உள்ளவருக்கு ஸ்லீவ் அதை இன்னும் கூட்டிவிடலாம். பைபாஸ் பெரும்பாலும் தணிக்கும். சர்க்கரையில் பைபாஸுக்குக் கொஞ்சம் கூடுதல் பலம். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் 150 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில், ஐந்து வருடம் கழித்து மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை 6-க்குள் வைத்திருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 5 பேர், ஸ்லீவ் செய்தவர்களில் 23 பேர், பைபாஸ் செய்தவர்களில் 29 பேர்.

மூட்டுவலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுகிறவரா, சிகரெட்டை விட முடியாதவரா? பைபாஸ் இணைப்பில் புண் வரும் ஆபத்து உங்களுக்கு அதிகம். முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். எதைச் செய்தாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி என்று மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. பைபாஸில் இந்தக் கண்டிப்பு இன்னும் கூடும். மாதத்தில் இருபது நாள் வெளியூர் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி, மாத்திரை டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே அலைய முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவெடுக்கட்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போட வேண்டும். கணக்கில் அதையும் சேருங்கள்.

2025 மார்ச்சில் எடை குறைக்கும் மவுன்ஜாரோ ஊசி இந்தியாவுக்கு வந்த பிறகு, ஆபரேஷன் தேவையா என்ற கேள்வியே சிலருக்கு மாறியிருக்கிறது. உங்கள் எடைக்கும் நோய்க்கும் அது போதுமா என்று கேட்டுவிட்டே அடுத்த அடி வையுங்கள்.

நம் தம்பிக்கு எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடியில் அமிலம் பட்டுப் புண்ணாகியிருந்தது. கூடவே கட்டுக்குள் வராத சர்க்கரை. டாக்டர் பைபாஸ் என்றார். முதலில் அவன் மனதில் இருந்தது, அப்ரூவல் சீக்கிரம் வரும் என்று யாரோ சொன்ன ஸ்லீவ்.

அப்ரூவல் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2019-இல் மருத்துவ பாலிசிகளின் விலக்குகளை ஒரே வாசகமாக்கியது. உங்கள் பாலிசியில் ‘உடல் பருமன் / எடைக் கட்டுப்பாடு’ என்ற தலைப்பில், எக்ஸ்க்ளூஷன் 06 என்ற எண்ணில் அது இருக்கும். விலக்கு என்று பெயரைப் பார்த்துப் பயந்து மூடிவிடாதீர்கள். சில நிபந்தனைகள் நிறைவேறினால் பணம் உண்டு என்பதுதான் அதன் பொருள். டாக்டர் ஆலோசனை இருக்க வேண்டும். மருத்துவ நெறிமுறைப்படியான ஆபரேஷனாக இருக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். உயரத்துக்கும் எடைக்குமான கணக்கான பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் வேண்டும். அது இல்லையென்றால் 35-க்குக் குறையாமல் இருந்து, எளிய வழிகளில் எடை குறைக்க முயன்றும் பலிக்காமல், குறிப்பிட்ட நான்கு நோய்களில் ஒன்று இருக்க வேண்டும். பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிரமான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை ஆகியவை அந்த நான்கு.

இந்தப் பட்டியலை இரண்டு முறை படியுங்கள். மூட்டுவலி இல்லை. ரத்தக்கொதிப்பு இல்லை. பிசிஓஎஸ் இல்லை, கொழுப்புக் கல்லீரலும் இல்லை. பிஎம்ஐ 37 உள்ள ஒரு பெண் மூட்டுவலியால் படி ஏற முடியாமல் தவித்தாலும், இந்த வாசகத்தின்படி அவருக்குப் பணம் இல்லை. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். 40, 35 என்ற கோடு 1991-இல் அமெரிக்காவில் போட்டது. 2022-இல் உலக அறுவை சிகிச்சைச் சங்கங்களே, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35 போதும் என்று இறக்கிவிட்டன. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றன. டாக்டரின் கோடு நகர்ந்துவிட்டது, பாலிசியின் கோடு நகரவில்லை. “டாக்டரே செய்யச் சொல்கிறார், இவர்கள் ஏன் மறுக்கிறார்கள்” என்ற குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

கோடு எண்ணில் இருப்பதால் எண்ணில் பிழை வரக் கூடாது. நம் தம்பியின் உயரம் 165 செ.மீ., எடை 109.5 கிலோ. பிஎம்ஐ 40.2. ஆஸ்பத்திரியில் அவசரத்தில் ஷூவோடு நிறுத்தி அளந்ததில் 167 என்று விழுந்தது. அந்த இரண்டு சென்டிமீட்டரில் பிஎம்ஐ 39.3 ஆகிவிட்டது. படிவம் அப்படியே காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளைம்களைப் பார்க்கும் டிபிஏவுக்குப் போக, மறுநாள் குவெரி வந்து நின்றது: ‘பிஎம்ஐ 40-க்குக் கீழ் உள்ளது, துணை நோய்க்கும் முந்தைய எடைக் குறைப்பு முயற்சிகளுக்கும் ஆதாரம் தரவும்.’ ஃபோனில் அவன் குரலே மாறியிருந்தது. “தம்பி, செருப்பைக் கழட்டிட்டு மறுபடி அளக்கச் சொல்லு, அளந்ததை டாக்டர் கையெழுத்தோட வாங்கு” என்றேன். கூடவே பழைய சர்க்கரை ரிப்போர்ட்டுகள், டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த உணவு அட்டவணைகள், தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் போயின. அந்த ரிப்போர்ட்டில் மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்ற எண் இருக்கும். அது 30 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ‘தீவிரம்’. அவனுக்கு 40-ஐத் தாண்டியிருந்தது. அப்ரூவல் வந்தது.

இன்னொரு கண்ணி உண்டு. ஆபரேஷனுக்கு முன் கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் கஞ்சி, மோர், புரோட்டீன் பானம் என்று குறைந்த கலோரி உணவில் வைப்பார்கள். அதிலேயே நாலு கிலோ இறங்கிவிடும். அட்மிஷன் அன்று எடை பார்த்தால் கோட்டுக்குக் கீழே நிற்பீர்கள். முதல் சந்திப்பின் தேதி, எடை, உயரம், பிஎம்ஐ, உணவுக் கட்டுப்பாடு தொடங்கிய தேதி ஆகிய எல்லாம் டாக்டர் கடிதத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்மிஷன் நேரத்தில் பயிற்சி டாக்டர் கேட்பார்: “சுகர் எத்தனை வருஷமா?” வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். கேஸ் ஷீட்டில் ஏறும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் நோய் பாலிசிக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று பார்க்கிறார்கள். தனிப்பட்ட பாலிசியில் முன்பே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்பு இருக்கலாம். கம்பெனி குழு பாலிசிகள் பலவற்றில் அது தள்ளுபடி. உண்மையான தேதியைப் பழைய சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். குறைத்தும் சொல்ல வேண்டாம், கூட்டியும் சொல்ல வேண்டாம்.

அலுவலகத்தில்

ஹெச்ஆரிடம் காப்பீட்டு அட்டையை மட்டும் வாங்காமல் பாலிசி வாசகத்தையே கேளுங்கள். இந்த ஆபரேஷனுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா, நம் பங்கு எத்தனை சதவீதம், பாலிசி எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது, இந்த மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். வாய்ப் பேச்சு குவெரிக்கு உதவாது.

அறை வாடகையில் ஏமாறாதீர்கள். ஐந்து லட்சம் பாலிசியில் வாடகை வரம்பு ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். 8,000 ரூபாய் அறையில் படுத்தால் வித்தியாசம் மூவாயிரம்தான் என்று நினைப்பீர்கள். டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில், எட்டுக்கு ஐந்து பங்காக வெட்டப்படலாம். இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்லரின் செலவு இந்த ஆபரேஷனில் பெரியது. மதிப்பீட்டில் அதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

ராஜினாமா யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள். கடைசி வேலைநாளோடு குழு காப்பீடு முடிந்துவிடும். நோட்டீஸ் காலத்துக்குள் அப்ரூவல், ஆபரேஷன், தையல் கசிவு போன்ற சிக்கல் வந்தால் மறு அட்மிஷன் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம் என்று கணக்குப் போடுவது ஆபத்து.

மேலாளரிடம் ஆபரேஷனின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. “வயிற்றில் ஒரு ஆபரேஷன், மூன்று வாரம் லீவு வேணும் சார்” என்பது போதும். மருத்துவச் சான்றிதழ் பேசும். உட்கார்ந்து பார்க்கும் வேலையென்றால் இரண்டு, மூன்று வாரத்தில் பலர் திரும்பிவிடுகிறார்கள். சுமை தூக்கும் வேலைக்கு ஒன்றரை மாதமாவது டாக்டர் அனுமதிக்க மாட்டார். திரும்பி வந்ததும் முதல் சோதனை பிறந்தநாள் கேக்தான். பைபாஸ் செய்தவர் ஒரு துண்டு இனிப்பை அவசரமாக விழுங்கினால் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் புரட்டல் வரலாம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. பக்கத்தில் பாட்டிலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடியுங்கள். “என்னடா கொறிக்கிற?” என்று கேட்பவரிடம் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். பதில் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை.

மறுத்துவிட்டால்?

திட்டமிட்ட ஆபரேஷன் என்பதால் இரண்டு, மூன்று நாள் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கை. கேஷ்லெஸ் மறுப்பு என்பது க்ளைம் மறுப்பு ஆகாது. கையிலிருந்து கட்டிவிட்டு, அசல் பில்லோடு பிறகு கோரலாம். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை பில்களையும் எறிந்துவிடாதீர்கள். ஆனால் கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன், எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிஎம்ஐயும் நோயும் உண்மையிலேயே நிபந்தனைக்கு வெளியே என்றால் அந்தப் பணம் திரும்ப வராது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நிபந்தனை நிறைவேறியும் மறுத்தால் விடாதீர்கள். முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கம்பெனி குழு பாலிசிக்காரர்களின் புகாரையும் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். செருப்பில்லாமல் அளந்த உயரமும், தேதி போட்ட டாக்டர் கடிதமும் அங்கேயும் உங்களுக்குத் தேவைப்படும்.