திடுக்கிடுதலும் திகிலும்



கொக்கட்டிச்சோலையில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தபோது அவ்வீட்டுத் தாயார் கேட்டார்: "சுவாமி, பிள்ளையள் ராவு ராவாய்ப் பேய்ப்படம் பாக்குதுகள். விடலாமா?"

விடை கூறுமுன் ஒரு வேறுபாட்டை அறிதல் நன்று. வாவிக்கரையில் ஒரு சிறுவன் குளிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். திடீரென முதலை பாய்ந்தால் நாம் திடுக்கிடுவோம். ஒரு நொடியில் அது தீர்ந்துவிடும். ஆனால், நீர்மட்டத்தில் இரு கண்களை நமக்கு முன்னதாகவே காட்டிவிட்டார்கள். அவனோ ஒன்றும் அறியாமல் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருக்கிறான். இப்போது காட்சி முடியும்வரை நமக்கு மூச்சு வராது. "மகனே, கரைக்கு ஏறு!" என்று கத்தத் தோன்றும். இதுவே திகில். லண்டனில் இயேசு சபையாரிடம் படித்த அல்பிரட் ஹிட்ச்கொக், மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டை உதாரணமாகக் காட்டி இதை விளக்கினார்.

நம்மவர் ஒருவரும் இவ்வழியில் படம் எடுத்தார். மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற பாலு மகேந்திராவின் 'மூடுபனி' 1980இல் வெளியானது. (இளையராஜாவுக்கு அது 100ஆவது படம்.) ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' படச் சாயல் அதில் உண்டு. கொலைகாரன் யார் என்பது அங்கே மறைபொருளன்று. அவனிடம் அகப்பட்ட பெண்ணுக்காகவே நாம் பதறுகிறோம். தந்தை தாயைக் கொடுமைப்படுத்தக் கண்டு வளர்ந்தவன் அவன். வீட்டுச் சண்டை பிள்ளையின் மனதை என்ன செய்யும் என்று பெற்றோர் எண்ணிப் பார்க்க இடமுண்டு. எனினும் எனக்கு ஒரு குறை: கொலையுண்ட விலைமாதருக்காகப் படம் அதிகம் இரங்குவதில்லை. சிறுவருக்கு ஏற்ற படமுமன்று.

ஆகவே தாய்மாரே, படத்தின் பெயரை மட்டும் கேட்டு விடை சொல்லாதீர்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள். உங்கள் பிள்ளை குளிக்கும் சிறுவனுக்காகப் பதறுகிறானா, முதலை எப்போது பாயும் என்று ஆவலோடு காத்திருக்கிறானா? இரண்டாவதாயின் பெட்டியை நிறுத்திவிட்டு, இறந்தவனுக்கும் ஒரு தாய் இருப்பாளே என்று பேச்சுக் கொடுங்கள். பேய்க்குப் பயந்து நித்திரை கொள்ளாத பிள்ளையைவிட, எதற்கும் பயப்படாத பிள்ளையைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன்.

அந்த வீட்டில் அம்மம்மா ஒருவர் இருக்கிறார். அலறல் கேட்டதும் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவாராம், பேரப்பிள்ளைகள் சிரிப்பார்களாம். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் அவ்வூரில் நடந்த படுகொலைகளின்போது அவர் அங்கேதான் இருந்தார். அதைப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அன்று மாலை தாயாரே சொன்னார். சின்னவன் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தான்.