கேள்வி முடிந்த பிறகும் கேமரா ஓடட்டும்

தொலைக்காட்சிக்கு ஆவணப்படம் எடுக்க வரும் இளைஞர்கள், எந்த கேமரா வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நல்ல மைக் வாங்குங்கள் என்பேன். படம் கொஞ்சம் ஆடினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியவில்லை என்றால் சேனலை மாற்றிவிடுவார்கள்.

தூத்துக்குடி உப்பளத்தில் ஓர் அக்காவைப் பேட்டி எடுத்தோம். கூலி, குடிதண்ணீர், மழைக்காலத்தில் வேலை இல்லாத கஷ்டம் என்று எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் வந்தது. வந்துபோன செய்தியாளர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்கள் அவை. செய்திக்கு அந்த பைட் போதும், ஆவணப்படத்துக்குப் போதாது. கேமரா ஓடும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, லேப்பல் மைக்கைக் கழற்றாமல் வேலையைத் தொடரச் சொன்னோம். பாத்தியில் உப்பை வாரிக்கொண்டிருந்தவர் யாரும் கேட்காமலே பேசினார்: "வெயிலு மேல இருந்து மட்டுமா வருது தம்பி? கீழ உப்புல இருந்தும் அடிக்குது. சாயங்காலம் வீட்டுக்குப் போனா அடுப்புத் தீயக்கூடப் பாக்க முடியல, கண்ணு கூசுது." பலகை உப்பில் உரசும் சத்தமும் கூடவே பதிவானது. படத்தின் உயிரே அந்த இடம்தான்.

ஆனால் எடிட்டிங்கில் முதலில் கத்தரி விழுவதும் அங்கேதான். விதிப்படி சேனல்கள் மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம். அரை மணி நேர நிகழ்ச்சியில் நம் கைக்கு வருவது சுமார் 24 நிமிடம். 'இதில் ஒன்றும் நடக்கவில்லையே' என்று தயாரிப்பாளர் கேட்பார். அதனால் எதை விட்டுக்கொடுக்கவே முடியாது என்பதை பிரிவ்யூவுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வர்ணனையைக் குறையுங்கள். டிரோன் ஷாட்டைத் தூக்குங்கள். ஆள் தானாகப் பேசும் இடத்தில் மட்டும் கைவைக்க விடாதீர்கள்.

அப்படி விட்டுக்கொடுக்காமல் நிற்க, படம் யாருக்குச் சொந்தம் என்பதும் முக்கியம். ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் 1995இல் முடித்த 'ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்' படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் 2006இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அவ்வளவு காலம் போராட முடிந்ததற்கு, படம் அவருக்கே சொந்தமாக இருந்தது பெரிய காரணம். சேனல் பணத்தில் எடுக்கும் நமக்கு அந்த வசதி இல்லை. ஒளிபரப்பாகும் 24 நிமிடத்தோடு சேர்த்து, எடுத்த ரஷ் (வெட்டாத மூலக் காட்சிகள்) முழுவதும் சேனலுக்கே என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைப் பற்றிப் பேசுங்கள். முழு உரிமை கிடைக்காவிட்டாலும், ரஷ்ஷின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளவும், எடுத்த ஊரிலேயே படத்தைத் திரையிடவும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.